ஏற்றுக்கூலி

மூவாயிரத்து நானூறு ரூபாய். திருகோணமலைத் துறைமுகச் சுமைகாரர் சங்கம், கம்ப்யூட்டர் கடையும் வகுப்பும் நடத்தும் முனாபுக்குக் கொடுக்க வேண்டிய காசு அது. சங்கத்துப் பழைய கம்ப்யூட்டரை வைரஸ் பிடித்தபோதெல்லாம் வந்து துடைத்துவிட்டுப் போனதற்கான பில். வெள்ளிக்குள் தராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். யுத்தம் மறுபடி மூண்டு கப்பல் வரத்துக் குறைந்த இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. காணாமல் போனவர்களைத் தேடும் மனு, நிவாரணக் கடிதம் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் அடித்தார்கள். அது போனால் சங்கம் கை இழந்த மாதிரி.

சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் முப்பது வருடம் மூடை சுமந்தவர். நாற்பது தாண்டிய பிறகுதான் எழுத்துக்கூட்டப் படித்தார்; இன்னும் கூட்டித்தான் வாசிப்பார்.

பார்மசியில் வேலை செய்துகொண்டே சங்கத்துக் கடிதங்களை அடித்துக் கொடுத்த அன்னலட்சுமி, தபாலில் காசில்லாமல் சும்மா வந்த லினக்ஸ் மென்பொருள் சீடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். வைரஸ் தொல்லை நின்றது. ஆனால் திரையெல்லாம் இங்கிலீசு.

"இதின்ர உள்பக்கம் திறந்துதான் கிடக்குது, அண்ணே. சொல்லுகளை நாங்களே தமிழில மாத்தலாம்," என்றாள்.

மாற்ற உட்கார்ந்தார்கள். இன்டர்நெட் இல்லை, டெலிபோனே பாதி நாள் செத்துக் கிடந்தது. கேட்க வெளியில் ஆளில்லாததால் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். அழிப்பதற்கு என்ன சொல் என்று ஒரே சண்டை.

"கடலில் போடு எண்டு வைங்க," என்றார் கிண்ணியாவிலிருந்து மூடை தூக்க வரும் ஸஹாப்தீன்.

"சனம் சிரிக்கும், நானா," என்றாள் அன்னலட்சுமி.

"சிரிக்கட்டும். விளங்காம அமத்த மாட்டாங்கதானே."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு முனாப் ஓட்டோ பிடித்து வந்தார். பெட்டியைத் தூக்கக் குனிந்தவர், திரையில் தமிழைப் பார்த்து நின்றுவிட்டார். மவுஸை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"கடலில் போடாமே. யார்ட வேலை இது?"

"சொல்லெல்லாம் எங்கட வேலைதான். சீடி தபாலில வந்தது, போட்ட பிறகு வைரஸ் இல்லை," என்றார் பாக்கியரத்தினம்.

"என்ட வகுப்புல அஞ்சு மெஷின் வைரஸ் பிடிச்சிக் கிடக்கு. ரோட்டும் பூட்டு. கொழும்புல இருந்து ஒண்டும் எடுக்க ஏலாது." முனாப் குரலைத் தாழ்த்தினார். "இந்த சீடி என்ன விலை?"

"விலையில்லை. பிரதி எடுத்துக்கொண்டு போங்கோ. நீங்களும் மற்றவைக்குக் குடுங்கோ."

"அப்ப அதுக்கு விலையா உங்கட கடனக் கழிச்சிருவம்," என்றார் முனாப்.

ஸஹாப்தீன் தலையாட்டிவிட்டார். பாக்கியரத்தினம் ஆட்டவில்லை. சும்மா வந்ததை விற்றால், அதை அனுப்பியவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் பெட்டியையும் விட ஏலாது. அப்போதுதான் துறைமுக வழக்கம் நினைவுக்கு வந்தது. கப்பலில் வருவது தர்ம அரிசியானாலும் அதைச் சுமந்தவனுக்குக் கூலி உண்டு.

"சாமானுக்குக் காசு வேண்டாம், முதலாளி. ஏத்துக்கூலி தாங்கோ. அஞ்சு மெஷினிலயும் நாங்கள் இதை ஏத்தி, உங்கட பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தியும் விடுறம். மெஷினுக்கு அறுநூற்றி எண்பது."

முனாப் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துச் சிரித்தார். "கணக்குப் பாத்துத்தான் கதைக்கிறீங்க."

"மூடை எண்ணினவனெல்லே."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முனாபின் கடைக்குப் போனார்கள். கடைசி மெஷினைப் பாக்கியரத்தினமே பொறுப்பெடுத்தார். அன்னலட்சுமி கைகட்டி நின்றாள். அவர் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எல்லாம் அவர்கள் சண்டை பிடித்து வைத்த சொற்கள்.

முனாப் பில்லின் குறுக்கே கோடு கீறி, ஏதோ எழுதி நீட்டினார்.

'தீர்ந்தது.' பாக்கியரத்தினம் அதையும் எழுத்துக்கூட்டாமல் வாசித்தார்.