நீல மை நட்சத்திரம்

கோல்கீப்பர் அக்கா அன்று காலை ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்த நடை பதினாலு. எதிர்வீட்டில் எண்ணிச் சொன்னது, தப்பிருக்காது.

விளையாட்டு மியூசியத்திலிருந்து ஆள் வருகிறது. நாட்டின் முதல் பெண்கள் கால்பந்து அணிக்கு அங்கே கண்ணாடி அலமாரி ஒதுக்கியிருக்கிறார்களாம். அந்த அணியின் கோல்கீப்பர் அக்காதான்; ஆனால் அந்தக் காலத்தில் பேப்பரில் வந்த ஒரே படத்தில் அவள் பாய்கிறாள், முகத்தைப் பந்து மறைத்திருக்கிறது. அது அவள்தான் என்று சொல்ல மிச்சமிருக்கும் சாட்சி கையுறை மட்டும். நாற்பது வருஷ ஆசை. ஆனால் அந்தக் கையுறை பீரோ அடித்தட்டில், பழைய ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகிடந்ததற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காலத்தில் பெண்கள் அளவுக்குக் கோல்கீப்பர் கையுறை யார் விற்றார்கள்? தோட்ட வேலைக் கையுறை வாங்கி, உள்ளங்கையில் டேபிள் டென்னிஸ் மட்டையின் புள்ளி ரப்பரை வைத்துத் தைத்துக்கொண்டாள். ரப்பர் கிடைத்த இடம், அவள் வேலை பார்த்த டெலிபோன் ஆபீசின் கிளப் அலமாரி. கிடைத்த நேரம், ஆளில்லாத ஒரு மத்தியானம்.

ஆண்கள் கழற்றிப்போட்ட சட்டை முழங்கால்வரை தொங்க, மழையில் நனைந்த மைதானத்தில் நின்றாள். சிரிப்பதற்கென்றே வந்த கூட்டம் ஒன்று. கடைசி நிமிஷத்தில் பெனால்டி. பந்து கையில் வந்து ஒட்டியதும் அந்தச் சிரிப்பு நின்றதே, அந்த அமைதி இன்னமும் அவள் காதில் இருக்கிறது.

பிற்பாடு அந்த மட்டையின் சொந்தக்காரரையே கட்டிக்கொண்டாள். அவரோ, போன கல்யாண வீட்டிலெல்லாம் அதே பல்லவி: "ஃபைனலுக்கு முந்தின நாள் என் பேட்டை உரிச்சுட்டான் அந்த கிளப் செக்ரட்டரி. இல்லேன்னா நம்ம லெவலே வேற." செக்ரட்டரி வீடு அடுத்த தெரு. எதிரே வந்தால் இவர் வானத்தில் காக்கா எண்ணுவார்.

மியூசியத்துப் பெண் வந்து மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தாள். கையுறையைத் திருப்பினாள்.

"ஓரத்துல ஏதோ வரைஞ்சிருக்கே, நட்சத்திரமாம்மா?"

டீ டம்ளரோடு வந்த கணவர் குனிந்து பார்த்தார். திருட்டுப் போகாமலிருக்க அவரே நீல மையில் போட்ட நட்சத்திரம். கதையில் வழக்கமாக அவர் குரலை உயர்த்தும் இடம் இது. இன்று டம்ளரை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாங்க," என்றாள் அக்கா. "கை வழுக்கிடுமோன்னு பயம். அப்போ உங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சே?"

"சொல்லலாம்னுதான் பார்ப்பேன். நீங்க கதையை அவ்ளோ நல்லா சொல்லிட்டிருப்பீங்க."

மியூசியத்துப் பெண் பேனாவைத் திறந்து மூடினாள். கண்ணாடி அலமாரியை அக்கா மனசுக்குள் பூட்டியே விட்டாள். ரப்பர் அவருடையதாயிற்றே, தரமாட்டேன் என்றால்?

அவர் தேய்ந்த புள்ளிகளை விரலால் தடவினார்.

"பெனால்டியை இதுலயா பிடிச்சே?"

"ஆமா. வலது கை, இதேதான்."

"அப்போ நானும் நாட்டுக்காக ஆடியிருக்கேன்." பெண்ணிடம் திரும்பினார். "அலமாரில வைக்கிற சீட்டுல இவ பேரைப் பெருசா எழுதும்மா. கீழே சின்னதா, ரப்பர் உபயம் கணவர்னு போடு."

சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?"

"அடுத்த தெருவுக்கு. காக்கா எண்ணினது போதும். நீயும் வா, திருடினவ நீ."

செக்ரட்டரி வீட்டில் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள், மரியாதை தெரியாதவர்கள்.