அக்பர் அலியின் வீடு வான்வெளிக்குள் நுழைந்த வரலாறு

திண்டுக்கல் நாகல் நகர் தோல் வியாபாரி அக்பர் அலியின் வீடு, அவர் மகள் மஹ்ஜபீனின் நிக்காஹுக்குச் சில நாட்களே இருக்கையில், ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் காலைப் பலகாரம் முடிந்த கையோடு தரையை விட்டுக் கிளம்பி மேலே போனது. சத்தம் எதுவும் இல்லை. வாசல்படிகளில் கீழ் மூன்றும், தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியும், முருங்கை மரமும் மட்டும் இடத்திலேயே நின்றுவிட்டன. மின்கம்பத்திலிருந்து போன வயர் சற்று நேரம் விறைத்து நின்றுவிட்டு அறுந்தது. மின்வாரியத்து ஆள் வந்து முனையைச் சுருட்டிக் கட்டி, தற்காலிகத் துண்டிப்பு என்று எழுதிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரர்கள் இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தங்கள் வாசலில் காலை வெயில் விழுவதைப் பார்த்து, வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் கொண்டுவந்து காயப்போட்டார்கள்.

தெருவுக்கு அது அவ்வளவுதான். வான்வெளிக்கு அப்படி இல்லை. ரெட்டியார்சத்திரத்துச் சமவெளியில் விமான நிலையம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மல்லிகையும் முருங்கைக்காயும் பெட்டி பெட்டியாக வெளிநாடு போயின, வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளைகள் வந்தார்கள். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் வண்டிகள் புறப்படுகிற நெருக்கத்தில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. நிலையத்தைச் சுற்றி ஆகாயத்தில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. அதற்குள் பறக்கிற எதுவும் கேட்டுக்கொண்டுதான் பறக்க வேண்டும். கல்யாண மண்டபக்காரர்கள் பலூன் விடுவதற்குக்கூட விண்ணப்பம் போட்டார்கள். திண்டுக்கல் நகரம் முழுக்க அந்த வட்டத்துக்கு அடியில்தான் இருந்தது. கிழக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் நாகல் நகர் மொட்டை மாடிகளைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கின.

அந்த வட்டத்தைக் காத்தவர்களில் ஒருத்தி ஜீவிதா. ரெட்டியார்சத்திரத்தில் பூ விவசாயம் செய்யும் பெருமாள்சாமியின் மகள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த விமானம் எந்த உயரத்தில், எந்தத் திசையில், யாருக்குப் பின்னால் என்று சொல்வது அவள் வேலை. விமானத்தில் முன்னூறு பேர் இருந்தாலும் முருங்கைக்காய் மட்டும் இருந்தாலும் அவள் குரல் ஒரே குரல்தான். அதில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. ஒரு சொல் குழறினால் திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும் என்ற பயம் எப்போதும் இருந்ததால், அவள் வேலையில் சிரித்ததே கிடையாது. வீட்டுக்குப் போய்ச் சிரிக்கலாம் என்று நினைப்பாள். வீட்டுக்குப் போனதும் தூக்கம் வந்துவிடும்.

போன மாதம்தான் அக்பர் அலி அவளைத் தேடி வந்திருந்தார். மகளும் மருமகனும் தங்குவதற்கு வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்க விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். அந்தத் தெருவில் அதற்கு மேல் உயரம் கூடாது என்று ஜீவிதா படம் போட்டுக் காட்டினாள். மண்ணு என்னோடது, ஆகாசம் உங்களோடதா தாயி என்று அவர் கேட்டதற்கு, ஆமாங்க பாய் என்று அதே குரலில் சொன்னாள். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை திரையில் நாகல் நகருக்கு மேலே சதுரமாக ஒரு புள்ளி தெரிந்தது. மேலதிகாரி அருள்நாதன் அதைக் கொக்குக் கூட்டம் என்றார். இறங்கிக்கொண்டிருந்த விமானி ஒருவர், கொக்கு இல்லை, வீடு, மாடியில் ஒரு அம்மா வத்தல் காயவைத்துக்கொண்டிருக்கிறார் என்று அறிவித்தார். ஜீவிதாவுக்கு ஒரே ஒரு வீடுதான் நினைவுக்கு வந்தது; அக்பர் அலி மாடி கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு போன் போட்டாள்.

“பாய், ஏர்போர்ட்ல இருந்து ஜீவிதா பேசுறேன். எங்க இருக்கீங்க?”

“வீட்லதான் தாயி இருக்கேன்.”

“வீடு எங்க இருக்கு?”

அவர் ஜன்னல் பக்கம் போவது கேட்டது. “மலைக்கோட்டை உச்சி கண்ணுக்கு நேரா தெரியுது. நீங்க மாடி கட்டக் கூடாதுன்னீங்க, நான் கட்டல. இது அதுவாத்தான் போகுது.”

அருள்நாதன் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். கட்டடமாக இருந்தால் இடித்துவிடவும், விமானமாக இருந்தால் பதிவு எண்ணைத் தெரிவிக்கவும் என்று மதியத்துக்குள் பதில் வந்தது. அவர் அதைப் பலமுறை படித்தார். நிலையத்தை மூடிவிட்டு, ஆடிக்காற்று வீட்டைத் திருச்சிப் பக்கம் தள்ளுகிறவரை காத்திருக்கலாம் என்பது அவர் யோசனை. உள்ளே கல்யாணப்பெண் இருக்கிறாள், வீட்டைத் திருச்சிக்கு அனுப்ப முடியாது என்றாள் ஜீவிதா. நகர்கிறது, பேசுகிறது, சொன்னால் கேட்கிறது, அப்படியானால் அது போக்குவரத்து. ‘நாகல் வீடு’ என்று திரையில் அதற்குப் பெயர் போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து விமானங்களுக்குச் சொல்வது போலவே அதற்கும் சொல்லத் தொடங்கினாள்.

வீட்டை ஓட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மேற்கு ஜன்னலையும் கிழக்கே கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் காற்று ஊடே போய்விடும், வீடு நிற்கும். ஜன்னலை மூடினால் கிழக்கே நகரும். கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுப்படிப் பக்கம் போய் நின்றால் தெற்கே சாய்ந்து திரும்பும். ஜீவிதா இடப்பக்கம் என்றால் மாமிமார்கள் சிரித்துக்கொண்டே கூட்டமாக இடப்பக்கம் ஓடினார்கள். வலப்பக்கம் என்றால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வலப்பக்கம் வந்தார்கள். இரண்டாம் நாளில் அவர்களுக்கு அது பழகிவிட்டது, முறுக்குப் பிழிகிற கையை நிறுத்தாமலே திரும்பினார்கள். உயரம்தான் சிக்கல். மாடியிலிருந்த பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய வீடு ஏறியது. ஒரு ஆள் குளித்தால் ஒரு தென்னை உயரம்.

“இன்னைக்கு யாரும் குளிக்க வேண்டாம்னு சொல்லுங்க,” என்றாள் ஜீவிதா.

போனை வாங்கியது அக்பர் அலியின் மனைவி ஜெய்தூன் பீவி. “கல்யாண வீடும்மா இது. பொண்ணுக்கு நாளைக்கு மருதாணி. குளிக்காம எப்படி?”

“மதியம் ரெண்டு பிளேன் வருது. அதுக போனப்புறம் குளிக்கட்டும். நான் சொல்றேன்.”

அப்படியே நடந்தது. மும்பை விமானம் இறங்கிய பிறகு பெரியவர்கள் குளித்தார்கள். கொழும்பு விமானம் ஏறிய பிறகு பெண்கள் குளித்தார்கள். ஜீவிதா தன் குரலில் ஏதோ ஒன்று நெகிழ்வதைக் கவனித்து, தண்ணீர் குடித்து அதை அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று நின்றுவிட்டது. வீடு சிறுமலைக்கு இந்தப் பக்கம், விமானங்கள் இறங்குகிற கோட்டிலேயே, சுவரில் அடித்த ஆணி போல அசையாமல் நின்றது. அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த விமானத்தின் ஒரு இன்ஜின் புகைந்து அணைந்தது. மேற்கே கொடைக்கானல் மலையை மேகம் மூடியிருந்ததால் கிழக்கிலிருந்துதான் இறங்க முடியும். சுற்றி வர விமானத்துக்குத் தெம்பில்லை. வேறு ஊருக்குப் போகவும் முடியாது. ஜன்னல்களைத் திறந்தார்கள், மூடினார்கள், எல்லோரும் அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடினார்கள். காற்று இல்லாத வீடு நின்ற இடத்திலேயே சுற்றியது. திரையில் இரண்டு புள்ளிகள் ஒரே கோட்டில் நெருங்கின. அருள்நாதன் ஜீவிதாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பாய், மேல போகணும். எம்புட்டு வேகமா முடியுமோ அம்புட்டு வேகமா.”

“தொட்டியத் தொறந்து விட்டுட்டோம் தாயி. சொட்டுத் தண்ணி இல்ல.”

“பத்தாது.”

பின்னால் ஜெய்தூன் பீவியின் குரல் கேட்டது. “ஏங்க, பின்னறையில தோலு கிடக்குல்ல?”

பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுகள் பின்னறையில் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அந்த வருஷத்து வியாபாரம் முழுவதும் அதுதான். கல்யாணமும் அதை நம்பித்தான். தூக்கிப் போடுங்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று ஜீவிதாவுக்குத் தெரியவில்லை. அதற்கான சொல் அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

“அந்த பிளேன்ல ஆளுக இருக்காங்க பாய்,” என்றாள்.

“அப்ப எதுக்கு தாயி நாம பேசிக்கிட்டு நிக்கிறோம்,” என்று அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் கட்டைத் தள்ளியது மஹ்ஜபீன். இரண்டு கையிலும் ஈர மருதாணி இருந்ததால், கைகளை அகல விரித்துக்கொண்டு முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். பிறகு எல்லோரும் தள்ளினார்கள். கட்டுகள் அந்தரத்தில் அவிழ்ந்தன. தோல்கள் நான்கு காலையும் விரித்துக் காற்றில்லாத வானத்தில் மிதந்தன, ஒன்றுகூடி மந்தையாயின, பச்சை எங்கே இருக்கிறது என்று பார்த்து ரெட்டியார்சத்திரம் பக்கமாக நிதானமாகப் போயின. கட்டுக்குக் கட்டு வீடு ஏறியது. சிங்கப்பூர் விமானம் அதன் அடியில் புகைந்துகொண்டே போனபோது, ஜன்னலோரம் இருந்த பயணிகள் வாசல்படியின் அடிப்பக்கத்தையும், அதிலிருந்து தொங்கிய வேரையும், எட்டிப் பார்த்துக் கையாட்டிய மாமிமார்களையும் பார்த்தார்கள். திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பிரிந்து, தனித்தனியாகப் போயின. விமானம் ஓடுபாதையைத் தொட்டது.

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. விமானங்களோடு பேசுகிற பொத்தானில் அவள் விரல் இன்னும் இருந்ததால், அந்தச் சிரிப்பு வட்டத்துக்குள் இருந்த எல்லா விமானங்களுக்கும் போனது. மும்பையிலிருந்து வந்துகொண்டிருந்த விமானி ஒருவர் காரணம் கேட்காமலே சேர்ந்து சிரித்தார். சரக்கு விமானக்காரர் சிரித்தார். சிங்கப்பூர் விமானி ஓடுபாதையில் நின்றபடி அழுதுகொண்டே சிரித்தார். அருள்நாதன் ஜெபமாலையைப் பையில் போடப் பார்த்துப் பையைக் காணாமல் தேடினார். வயிறு வலிக்கச் சிரித்த பிறகும் திரையில் எல்லாப் புள்ளிகளும் அதனதன் இடத்திலேயே இருப்பதை ஜீவிதா ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மழை வந்தது. அது அந்த வீட்டின் மேல் மட்டும் பெய்தது. தொட்டி நிரம்பியது, பிரியாணி தேக்சாக்கள் நிரம்பின, மழையோடு கிளம்பிய கிழக்குக் காற்றில் வீடு மெதுவாக நகர்ந்து இறங்கி ஓடுபாதையின் கோடியில் ஒரு ஆள் உயரத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே போக மனம் வரவில்லை போலிருக்கிறது. விமானத்துக்கு வைக்கிற படிக்கட்டு வண்டியை அருள்நாதன் கொண்டுவந்து வாசலில் பொருத்தச் சொன்னார். மறுநாள் மாப்பிள்ளை அல் அமீனும் அவர் வீட்டாரும் வத்தலக்குண்டிலிருந்து வந்து, பாதுகாப்புச் சோதனையில் வரிசையில் நின்று, பெண்ணுக்குக் கட்டும் கருகமணிப் பெட்டியைத் திறந்து காட்டி, அத்தர் பாட்டில்களைப் பறிகொடுத்துவிட்டுப் படியேறினார்கள். நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத்தின் மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இரண்டு முறை மணியடித்தது. துஆ ஓதும்போது இரண்டு விமானங்கள் ஏறாமல் காத்திருந்தன.

தோல்கள் எல்லாம் திரும்பி வந்தன. ரெட்டியார்சத்திரத்து விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் மேய வந்த தோல்களைப் பிடித்துச் சுருட்டிப் பூ வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பெருமாள்சாமி தன் செவ்வந்தித் தோட்டத்தில் இறங்கியவற்றைத் தானே கொண்டுவந்தார்.

“ஒரு செடியக்கூட மிதிக்கல பாய்,” என்றார் அவர் அக்பர் அலியிடம். “ஆடா இருந்தப்பவே நல்ல வளர்ப்புதான்.”

ஜீவிதா அன்று அந்த வீட்டில் சாப்பிட்டாள். போதும் போதும் என்கிறபோதே ஜெய்தூன் பீவி இன்னொரு கரண்டி வைத்து, “மூணு நாளா நீ சொன்னத நாங்க கேட்டோம்ல, இப்ப நான் சொல்றதக் கேளு,” என்றாள். ஜீவிதா கேட்டாள்.

பிறகு எல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தலைமை அலுவலகம் வீட்டுக்குப் பதிவு எண் கொடுத்தது. மாநகராட்சி மூன்று படிகளுக்கு மட்டும் வரி போட்டது. வத்தலக்குண்டில் செல்போன் கடை வைத்திருந்த அல் அமீனைத் தினமும் காலையில் வீடே பேருந்து நிலையத்துக்கு மேல் கொண்டுபோய், நூலேணியில் இறக்கிவிட்டுத் திரும்பியது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முதலில் முணுமுணுத்தார், பிறகு கயிறு கட்டிக்கொண்டார். புதிதாக வருகிற விமானிகள் ஒருமுறை கேட்பார்கள், வீடா என்று. வீடுதான் என்று ஜீவிதா சொல்வாள். அவள் குரலில் இப்போது ஏற்றமும் இருந்தது, இறக்கமும் இருந்தது. புள்ளிகள் அதற்காக ஒன்றும் மோதிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் மஹ்ஜபீனுக்கு அந்த வீட்டிலேயே பெண்குழந்தை பிறந்தது. நல்ல தொண்டை. வீட்டுக்குக் கொடுத்திருந்த வானொலிப் பெட்டி திறந்திருக்கும்போதெல்லாம் அதன் அழுகை எல்லா விமானங்களிலும் கேட்டது. ஒரு மத்தியானம் வெகுநேரம் அழுது ஓய்ந்த பிறகு, மஹ்ஜபீன் பெட்டியில் வந்து, “ஜீவிதாக்கா, இப்பதான் கண்ணசந்தா,” என்று மட்டும் சொன்னாள். வட்டத்துக்குள் இருந்த விமானிகள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, இறங்க வருகிற விமானங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவிப்பில் இன்னொரு வரி சேர்ந்துகொண்டது: காற்று மேற்கிலிருந்து, மிதமான வேகம், ஓடுபாதை ஈரமில்லை, சிறுமலைக்கு மேல் லேசான மேகம், வீட்டில் பாப்பா தூங்குகிறது.