நாற்பது விநாடி பழைய பஸ்

நாரின் நகரில் ஜனவரி மாதம் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நின்றால் மீசையில் பனி உறைந்துவிடும். அதனால் எங்கள் சின்ன இன்டர்நெட் கம்பெனி, சந்தை நிறுத்தத்தில் ஒரு கேமராவை மாட்டி, படத்தை எங்கள் இணையப் பக்கத்தில் நேரலையாக விட்டது. மினிபஸ் வருவதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மாட்டியவன் நான்தான். ஊரே பாராட்டியது.

நாலாம் நாள் அனார்கான் என்ற அக்கா போன் செய்தார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிறுத்தத்துக்குப் பின்னாலுள்ள கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு. ஜன்னலிலிருந்து சாலை தெரியாது. கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு காத்திருந்து, போனில் பஸ் தெரிந்ததும் ஓடுவாராம். கீழே போனால் பஸ் கிளம்பிப் போயிருக்குமாம். மூன்று நாளும் டாக்டரிடம் திட்டு.

"கேமரா சரியாத்தான் இருக்குக்கா. நீங்கதான் மெதுவா இறங்குறீங்க போல," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் என் அலுவலகத் திரையில் அவர் தெரிந்தார். கேமராவுக்குக் கீழே நின்று, ஒரு கையிலிருந்த போனைப் பார்த்தபடி மறு கையை உயர்த்தினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் காரணம் தெரியாமலே கையைத் தூக்கினார்கள். அதற்குள் என் போன் அடித்தது.

"தம்பி, நான் கையைத் தூக்கிட்டேன். போன்ல இருக்கிறவ நாப்பது எண்ணின பிறகுதான் தூக்குறா. மெதுவா இருக்கிறது நானா, அவளா?"

அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்க, திரையில் இன்னும் கையைத் தூக்கி எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்குக் காது சுட்டது. படம் விட்டுவிட்டு வராமலிருக்க, கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். அன்றே அதைக் குறைத்தேன். தாமதம் போயிற்று, கூடவே படமும் போயிற்று. ஊரே ஒரே சமயத்தில் பார்த்ததில் முன்பாதி பஸ் வந்து, பின்பாதி வராமல் திரையில் உறைந்து நின்றது. இரண்டு நாள் முட்டிமோதிவிட்டுப் பழையபடியே மாற்றினேன். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா தேநீரும், எண்ணெயில் பொரித்த சூடான போர்சோக் மாவுத் துண்டுகளும் வைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "லேட்டுன்னா லேட்டாவே வரட்டும்," என்றார். "கேமராவைக் கொண்டுபோய்ப் பாலத்துக்கிட்ட வை. பாலத்துலேருந்து பஸ் இங்க வர ரெண்டு நிமிஷம் ஆகும்ல."

எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு போர்சோக் சாப்பிட்டுவிட்டு, கேமராவைக் கழற்றிக்கொண்டு நேரே பாலத்துக்குப் போனேன்.

மறுநாள் காலை என்ன நடக்கிறதென்று பார்க்க நிறுத்தத்தில் நின்றேன். பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது கட்டடத்தின் கதவு திறந்தது. முதலில் அனார்கான் அக்கா, பின்னால் பதினோரு பேர். பஸ்ஸில் நாலு இடம்தான் காலி.

டிரைவர் சபிர் தலையை வெளியே நீட்டினார். "எல்லாரும் ஒரே கல்யாணத்துக்கா?"

அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் எப்படியோ நெருக்கி நின்றார்கள். எனக்கு இடமில்லை. வெளியிலிருந்து கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்தேன்.