மூன்று புள்ளிச் சிப்பி

இரண்டு ஸ்லைடிலும் மூன்று புள்ளி. ரிஃப்கா மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஏதாவது ஒன்றில்தான் மூன்று இருக்க வேண்டும்.

பால்துரையின் முத்துச்சிப்பிப் பண்ணையில் இரண்டு தொட்டிக் குஞ்சுகள். ஒன்றில் சாதாச் சிப்பி. மற்றதில், முட்டையிலேயே மருந்து கொடுத்து, இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் வரவழைத்த சிப்பி. அது முட்டையிடுவதில் சத்தைச் செலவழிக்காமல் வேகமாக வளரும். எது எந்தத் தொட்டி என்று மார்க்கரில் எழுதியிருந்தார். உப்புத்தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. தூத்துக்குடியில் பிறந்தும் மார்க்கரை நம்பிய மனிதர். கடலில் தொங்கவிட அவரிடம் இருந்ததோ ஒரே கூண்டு. ஒரு தொட்டியைத்தான் வளர்க்க முடியும். எது எது என்று பார்த்துச் சொல்லத்தான் ரிஃப்காவின் ஆய்வகத்துக்கு இரண்டிலிருந்தும் சிப்பி கொடுத்திருந்தார்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செவுளில் ஒரு துணுக்கை எடுத்து ஸ்லைடில் பரப்பி வெள்ளி நைட்ரேட் ஊற்றினால், செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். சாதாச் சிப்பியில் இரண்டுக்கு மேல் வராது. மற்றதில் மூன்று வரை வரும். போன வாரம் ரிஃப்கா இரண்டாம் தொட்டியை மட்டும் பார்த்தாள். மூன்று தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் உடனே பால்துரைக்குப் போன் போட்டு, இரண்டாம் தொட்டிதான் என்று சொல்லிவிட்டாள். ஒன்றாம் தொட்டி ஸ்லைடை, ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டுமே என்று, இன்றைக்குத்தான் கூட வேலை பார்க்கும் ஜெஸ்லின் தயார் செய்து கொடுத்தாள்.

"ஜெஸ்லின், எனக்கு ஒண்ணும் புரியல. நீயே பாரு."

ஜெஸ்லின் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏளா, உன் ஸ்லைடுல செல்லே இல்லாத எடத்துலயும் புள்ளி கெடக்கு."

ரிஃப்கா மறுபடி பார்த்தாள். மிளகுப்பொடி தூவியதுபோல எங்கும் கிடந்தது. போன வாரமும் அங்கேதான் கிடந்திருக்கும். மூன்று வேண்டும் என்று தேடிய கண்ணுக்கு மூன்று மட்டும்தான் பட்டிருக்கிறது.

"வெள்ளி ஊத்துறதுக்கு முந்தி எதுல கழுவுன?"

"கொழாய்ல."

"எந்தக் கொழாய்ல?"

அந்த ஆய்வகத்தில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல்தண்ணீர். சிப்பியை எடுத்தவர் கை தானாகக் கடல்தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும். நல்ல தண்ணீர் பட்டால் சிப்பிக்கு ஆகாது. ஸ்லைடில் இருந்தது செத்த துணுக்கு என்பது அந்தக் கைக்கு உறைக்கவில்லை. உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்ந்தால், வெளிச்சம் பட்டதும் தானாகவே கறுப்புப் புள்ளி விழும் என்று படித்தவள்தான் அவள்.

பாட்டிலில் பதப்படுத்தி வைத்ததில் மிச்சமிருந்த துணுக்குகளை எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, இரண்டு தொட்டிக்கும் புதிதாகச் சாயமேற்றினார்கள். ஒன்றாம் தொட்டியில் மூன்று. இரண்டாம் தொட்டியில் எந்தச் செல்லிலும் இரண்டுக்கு மேல் இல்லை. ரிஃப்கா போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, அந்த ஒண்ணாந் தொட்டி..."

"அத நீங்க சொன்ன மறுநாளே வேண்டாம்னு கடல்ல கொட்டியாச்சே. ஏன் மேடம்?"

சொன்னாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப இப்ப கூண்டுல கெடக்குறது?"

"சாதாச் சிப்பி, அண்ணாச்சி."

"சாதாச் சிப்பி எனக்கே வளக்கத் தெரியுமே மேடம்," என்றார் பால்துரை. கோபமே இல்லாத குரல். "அதுக்கு நீங்க எதுக்கு?"