பச்சை அட்டை

மரீட்டா வாரம் ஒருநாள் மகள் படிக்கும் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கிக் கொடுப்பாள். கனடாவின் தண்டர் பே நகரத்தில் பாதி ஊர் அந்தப் பள்ளியைப் புகழும், அவளும்தான். சக்கர நாற்காலியில் வரும் மகள் ஐலியை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேர்த்துக்கொண்ட பள்ளி அல்லவா!

அன்று தீ விபத்துப் பயிற்சி மணி அலறியது. நூலகர் கிளென் மரீட்டாவையும் சேர்த்து நூலகத்தில் இருந்தவர்களை மைதானத்துக்கு அழைத்துப்போனார். தலைகளை எண்ணி, எல்லோரும் வந்திருந்தால் ஆசிரியர்கள் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் சிவப்பு. சிவப்பு எழுந்தால், ஆள் கிடைக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது.

ஐலியின் ஆசிரியை டோனவன் பச்சையைத் தூக்கினாள். சிரித்த முகம், தங்கமான பெண். மரீட்டா அந்த வரிசையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ஐலி இல்லை.

டோனவன் பதறவே இல்லை. மணி அடித்தால் லிஃப்ட் ஓடாது, ஐலி மாடிப்படி அருகே காத்திருப்பாள், உதவியாளர் கூடவே இருப்பார், நிஜமான தீ என்றால் தீயணைப்பு வீரர்கள் தூக்கி வருவார்கள், ஏற்பாடே அப்படித்தான் என்றாள். அந்த உதவியாளரோ பக்கத்தில் நின்று பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்குப் பச்சை?"

"பயிற்சிதானே மரீட்டா. ஐலி எங்க இருக்கான்னுதான் எங்களுக்குத் தெரியுமே."

இவ்வளவு பிரியமாகச் சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியுமா? அவள் உள்ளே ஓடினாள்.

மாடியில் மணி காதைப் பிளந்தது. ஐலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் தனியாக இருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவளுக்குத்தான் பயம் வந்தது.

"நீ ஏம்மா உள்ள வந்த? வெளிய போ. முடிஞ்சதும் எல்லாரும் வந்துடுவாங்க."

"எப்பவும் இப்படித் தனியாவா இருப்ப?"

"ஆமா. இதுதான் என் இடம்."

மரீட்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவழியாக மணி ஓய்ந்தது. கீழே தடதடவென்று காலடிச் சத்தம். தலைமையாசிரியர் ஹார்க்னஸ் மூச்சிரைக்க ஏறிவந்தார், பின்னால் கையில் சிவப்பு அட்டையோடு கிளென். நூலகக் கணக்கில் ஒரு தலை குறைந்ததாம். கிளென் சிவப்பைத் தூக்க, மொத்தப் பள்ளியும் குளிரில் நிற்கிறதாம்.

"உங்களைக் காணோம்னதும் எங்களுக்கு உயிரே போயிடுச்சு மரீட்டா," என்றார் ஹார்க்னஸ்.

ஐலி அந்த அட்டையையே பார்த்தாள். பயிற்சி நாளில் அவள் ஒருமுறையும் வெளியே போனதில்லை.

"அது எதுக்கும்மா?"

"ஆளைக் காணோம்னா தூக்குவாங்க."

ஐலி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எனக்கு ஏன் தூக்கல?"

அவள் ஹார்க்னஸைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் கிளெனைப் பார்த்தார். கிளென் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.