அப்புசாமியின் கேஸ் தொட்டி வேலி தாண்டிய விவரம்

"கயிறு! யாராச்சும் கயிறு கொண்டாங்க!" என்று கத்தியபோது அப்புசாமி தென்னைமர உயரத்தில் இருந்தார். எட்டு ஆள் சேர்ந்தாலும் அசையாத இரும்புத் தொட்டி அது; சாணக் கரைசல் குழிமேல் கவிழ்த்தது, கேஸ் சேர்ந்தால் சற்று ஏறும், தீர்ந்தால் இறங்கும். அன்று காலை எட்டரை மணிக்கு அது அவருடைய கோபர் கேஸ் குழியை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. விளிம்பைக் கட்டிப்பிடித்தபடி அவரும் போனார். 1981, மாசி மாதம், வெண்ணந்தூருக்குத் தெற்கே. ரப்பர் குழாயும் கூடவே நீண்டதால் அடுப்பு அணையவில்லை. அவர் மனைவி செல்லாயி சோற்றை வடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

கையை விட்டிருக்கலாம், கீழே வைக்கோல் போர் இருந்தது. ஆனால் தொட்டி போனால் அடுப்பு போகும். அடுப்பு போனால் செல்லாயியின் கண் போகும். இருபது வருஷம் பருத்திமார் விறகை ஊதி ஊதி எரித்ததில் அவள் பார்வை பாதியாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷப் புகை பட்டால் மிச்சமும் போய்விடும் என்று சேலத்து டாக்டர் சொன்ன பிறகுதான், எழுபத்தெட்டில் குழி வெட்டினார்கள். "உள்ளே கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடியா இருக்குதுங்க. காத்துப் படாம இருட்டுல கெடந்து, சாணத்தைத் தின்னுட்டு கேஸ் உடும்" என்று விளக்கினார் ஒன்றியத்து ஆள்.

"எங்க மச்சான் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அப்புசாமி.

"எங்கண்ணனை இழுக்காட்டி உங்களுக்குச் சோறு எறங்காதே" என்றாள் செல்லாயி.

எண்பத்தொன்றில் மாட்டுப் பொங்கலுக்கு மாடு கட்டும் கட்டுத்தரை மணக்க வேண்டுமென்று அப்புசாமி இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றிக் கழுவினார். கழுவிய தண்ணீர் சாணத்தோடு குழிக்குள் போயிற்று. மூன்றாம் நாள் கேஸ் இல்லாமல் தொட்டி தரைதட்டிவிட்டது. கோடி உயிரைக் கொன்றது தானே என்று தெரிந்ததும் அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடந்தார். செல்லாயி மறுபடி பருத்திமார் ஊதப் போனாள்.

செத்த குழிக்கு ஓடுகிற குழியிலிருந்து கரைசல் ஊற்ற வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அந்தப் பக்கத்தில் ஓடுகிற குழி ஒன்றே ஒன்று: வேலிக்கு அப்பால், தம்பி சின்னுசாமியுடையது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைத் தகராறில் அண்ணன் தம்பி பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அப்புசாமி வெறுங்குடத்தோடு வேலியோரம் நின்று, "ஏப்பா மயிலை, ஆறு குடம் கரைசல் வேணுமின்னு கேளு" என்று தன் காளையிடம் சொன்னார். சின்னுசாமி தன் எருமையிடம், "எடுத்துக்கச் சொல்லு. பினாயிலை மட்டும் இந்தப் பக்கம் கொண்டாற வேண்டாமின்னு சொல்லு" என்றார்.

ஊற்றிய பதினைந்தாம் நாள் தொட்டி ஏறியது, ஏறியது நிற்கவில்லை. அப்புசாமியோடு வேலியைத் தாண்டி, சின்னுசாமியின் தொட்டிக்கு அருகே மெல்ல இறங்கி, அதை உரசிக்கொண்டு ஆளுயரத்தில் நின்றது. சின்னுசாமி எருமையைத் தேடவில்லை. "அண்ணா, கையை உட்டுறாதீங்க! ஏணி கொண்டாறேன்!" என்று ஓடினார்.

"மொதல்ல ஏணியை ஒழுங்காப் புடிடா, ஆடுது" என்றார் அண்ணன்.

அதன்பின் மாதம் ஒரு காலை தொட்டி அங்கே போய்வந்தது. பிடித்துவரப் போகிற அப்புசாமிக்குத் தம்பி வீட்டில் காப்பி கிடைத்தது. இரண்டாவது வருஷம் கிணற்று முறையும் காப்பியோடு பேசி முடிந்தது. தொட்டி தட்டாமலிருக்க லைன்மேன் மின்கம்பியை நாலடி தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். எண்பத்தாறில் செல்லாயி தானே ஊசிக்கு நூல் கோத்தாள்.

அந்த வருஷம்தான் ஒருநாள் அப்புசாமி, "நாலு திக்கு இருக்க, இது எதுக்கு அங்கேயே போகுது?" என்று கேட்டார்.

செல்லாயி அடுப்பைச் சிறிதாக்கினாள். "எழுபத்தொம்பதுல அவங்க குழி ஓடாமக் கெடந்துச்சுங்க. உங்க தம்பி பொண்டாட்டி வேலியோரம் நின்னு அழுதா. சாணிக்கூடைக்குள்ள குடத்தை ஒளிச்சு, நாலு நடை நம்ம கரைசலைக் கொண்டுபோய் ஊத்துனது நான்தானுங்க. அங்க இருக்கிறது பூரா நம்ம குழியில பொறந்ததுங்க."