பாவு

தரணி, ஆந்திர எல்லையிலுள்ள நகரி என்ற ஊரில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள். ஸ்ரீசிட்டியில் டென்னிஸ் ராக்கெட் செய்யும் கம்பெனியில் வேலை. கார்பன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, ஓவனில் வேகவைத்துத்தான் அங்கே ராக்கெட் சட்டம் செய்கிறார்கள். கார்பனோ பருத்தியோ, அவளுக்கு நெடுக்கு நூல் என்றால் பாவுதான்.

புது மாடலின் கழுத்துக்குத் துணி ஒட்டும்போது ஹேமநாத்திடம், "பாவு திருப்பிப் போடு" என்றாள். தெலுங்குக்காரனான அவனுக்குப் பாவு என்றால் கால்வாசி. நெடுக்கைக் குறுக்காக முழுசும் திருப்பாமல், கால்வாசி மட்டும் திருப்பிச் சாய்வாக ஒட்டிவிட்டான். வெந்து வந்த பிறகுதான் அவள் பார்த்தாள்.

"நான் நூலச் சொன்னா, நீ இன்னாத்த ஒட்டிக்கினு வந்துகீற?"

"நுவ்வே கதா, நீதான பாவுன்னு சொன்ன?"

நடந்ததை மறைக்காமல் எழுதி, அதையும் சோதனைக்கு அனுப்பினாள். திருப்பதி மைதானத்தில் ஆடிப் பார்த்த சோதனை வீராங்கனை மோகனப்ரியா, எவ்வளவு வேகமாக அடித்தாலும் முழங்கை அதிரவில்லை என்றாள். அதே சாய்வில் இன்னும் பத்துச் சட்டம் செய்தார்கள். பத்தும் அப்படியே.

புனேயிலிருந்து வந்த டிசைன் என்ஜினீயர், யாருடைய யோசனை என்று கேட்டார். ஹேமநாத் தலையைச் சொறிந்தான். தரணி நிமிர்ந்து நின்றாள்.

"வார்த்த என்னுது சார். அர்த்தம் அவனுது."

வரைபடத்தில் அந்த அடுக்குக்குப் பெயராக என்ஜினீயர் 'பாவு' என்று எழுதினார். எந்த மொழிப் பாவு என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.